வெறுங்கழுத்தோடு ஒரு வேலூர்ப் பெண்

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வகுப்புக்கு வந்த தோழர், மாணவர்களிடம் அறிவியல், அரசியல், விளையாட்டு, எது வேண்டுமானாலும் எழுதுங்கள் என்றார். எங்கள் பெஞ்சுப் பக்கம் வந்ததும், நீங்க ஏதாவது அழகுக் குறிப்பு கொடுங்களேன் என்றார். மெக்கானிக்கல் பிரிவில் நாங்கள் நாலே நாலு பெண்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துச் சிரித்துவிட்டோம். ஆனாலும் நான் சரி என்று ஒப்புக்கொண்டேன். தோழர் கேட்ட அழகுக் குறிப்பு இதுதான்.

வேலூர் என்றதும் கோட்டை நினைவுக்கு வரும், ஜெயில் நினைவுக்கு வரும், சி.எம்.சி. ஆஸ்பத்திரி நினைவுக்கு வரும். அன்னை மணியம்மையார் பெயரைச் சொன்னால் மட்டும் பலரும் திருச்சி, தஞ்சாவூர், சென்னைப் பெரியார் திடல் என்றுதான் சொல்வார்கள். அவர் நம்ம ஊர்ப் பெண் என்பது எங்கள் வகுப்பிலேயே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. எனக்கும் போன வருஷம் வரை தெரியாது. கல்லூரி நூலகத்தில் அட்டை கிழிந்த ஒரு சிறு புத்தகத்தில் அவர் படத்தைப் பார்த்தேன். முதலில் என் கண் போனது அவர் கழுத்துக்குத்தான். அதில் ஒன்றுமே இல்லை.

ஏன் கழுத்தைப் பார்த்தேன் என்று சொல்லிவிடுகிறேன். என் அம்மா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறார். நான் டிப்ளமோ சேர்ந்தபோது அம்மாவின் தாலிச் சரடு அடகுக் கடைக்குப் போனது. அன்று முதல் மஞ்சள் கயிறுதான். அம்மாவுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் எதிரே உட்காருகிற கண்களெல்லாம் முதலில் கழுத்துக்குத்தான் வருமாம். என்னக்கா, இன்னும் மீட்கலையா என்று ஒருத்தர் தினமும் விசாரிப்பாராம். அதனால் ஆடி மாசப் புழுக்கத்திலும் அம்மா முந்தானையைக் கழுத்து வரை இழுத்து ஊக்கு குத்திக்கொண்டுதான் போகிறார். இப்படி ஒரு வீட்டிலிருந்து வந்தவள், ஒன்றுமே இல்லாத கழுத்தோடு ஒரு பெண் நேராக நின்று காமிராவைப் பார்ப்பதைக் கண்டால் நின்று பார்க்காமல் போவாளா?

மணியம்மையார் 10.3.1920 அன்று வேலூரில் பிறந்தார். தந்தை கனகசபை, தாய் பத்மாவதி. பெற்றோர் வைத்த பெயர் காந்திமதி. தந்தை சுயமரியாதை இயக்கத்துக்காரர். குடியாத்தம் பகுதியைச் சேர்ந்த தனித்தமிழ் அறிஞர் கு.மு. அண்ணல்தங்கோ அந்தக் குடும்பத்துக்கு வேண்டியவர். பார்க்கிறவர்களுக்கெல்லாம் தமிழ்ப் பெயர் வைப்பது அவர் வழக்கம். காந்திமதியை அரசியல்மணி ஆக்கியவர் அவர்தான். பெண் குழந்தைக்கு வைக்கிற பெயரா இது என்று அக்கம்பக்கத்தில் கேட்காமலா இருந்திருப்பார்கள்? அந்த அரசியல்மணிதான் பிற்பாடு மணியம்மை ஆனார்.

பெரியார் வேலூர்ப் பக்கம் வந்தால் கனகசபை வீட்டுக்கு வருவது வழக்கம். 1943இல் கனகசபை காலமானார். அதே ஆண்டில் மணியம்மையார் இயக்கப் பணிக்கென்று பெரியாரிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். வயது 23. அந்தக் காலத்தில் 23 வயதில் கல்யாணமாகாத பெண் என்றாலே ஊர் வாயில் விழ வேண்டும். அதிலும் வீட்டை விட்டு, பொதுக்கூட்டம் மாநாடு என்று ஊர் ஊராக அலையப் போகிறேன் என்றால்?

அவர் எந்தக் கருத்தை நம்பிப் போனார் என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். பெரியாருக்குக் கடவுள், சாதி ஆகியவற்றின் மேல் எவ்வளவு கோபமோ, அதில் கொஞ்சமும் குறையாத கோபம் பெண்களின் அலங்காரத்தின் மேலும் இருந்தது. பெண்ணுக்கு நகை எதற்கு, பட்டு எதற்கு, இவ்வளவு நீளக் கூந்தல் எதற்கு என்று மேடைதோறும் கேட்டார். தலைமுடியை ஆண்களைப் போல வெட்டிக்கொள்ளுங்கள், கைலி கட்டுங்கள், சட்டை போடுங்கள் என்று சொன்னார். காலையில் தலைவாரிச் சீவி முடித்து, புடவை கட்டி முடிப்பதற்குள் ஆண் பிள்ளை ஒரு வேலையை முடித்துவிட்டு வந்துவிடுகிறான் என்பது அவர் கணக்கு. இதைச் சொன்னதற்காக அவரைக் கேலி செய்தவர்கள் ஏராளம்.

ஆனால் நம்ம ஒர்க்‌ஷாப்பில் முதல் நாள் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? லேத் பக்கம் போகிற பெண் துப்பட்டாவைக் கழற்ற வேண்டும், வளையலைக் கழற்ற வேண்டும், பின்னலைச் சுருட்டித் தொப்பிக்குள் வைக்க வேண்டும், காக்கிச் சட்டை போட வேண்டும். சுற்றுகிற சக்கில் துணி மாட்டினால் ஆளையே இழுத்துக்கொண்டு போய்விடும். ஆக, பெரியார் மேடையில் சொன்னது இங்கே பாதுகாப்பு விதி! அதே காக்கிச் சட்டையோடு, துப்பட்டா இல்லாமல், தண்ணீர் குடிக்க வெளியே வந்த என்னை நிறுத்தி, பொம்பளைப் பிள்ளை இப்படியா நிற்பது என்று கேட்டவர்களும் உண்டு. ஒர்க்‌ஷாப் கதவுக்கு உள்ளே ஒரு நியாயம், வெளியே ஒரு நியாயம்.

ஷூ கம்பெனிக்குப் பயிற்சிக்குப் போனபோது இன்னொன்று பார்த்தேன். லாஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. பிளாஸ்டிக்கில் செய்த கால் அச்சு. அதன் மேல் தோலை இழுத்து ஒட்டித்தான் ஷூவுக்கு உருவம் கொடுக்கிறார்கள். ஆண்கள் அச்சு ஓரளவுக்காவது கால் மாதிரி இருந்தது. நான் பார்த்த பெண்கள் அச்சோ முன்பக்கம் ஒடுங்கி, நடுவிலே கூர்மையாக முடிந்தது. நம்மில் பெரும்பாலோருக்கு நீளமான விரல் பெருவிரல். அது காலின் நடுவிலா இருக்கிறது, உட்பக்க ஓரத்தில் அல்லவா? அந்தக் கூம்புக்குள் போவதற்குப் பெருவிரல் வளைந்துதான் ஆக வேண்டும். இதற்கு மேல் மூன்று அங்குலக் குதிகால் வேறு. குதிகால் உயர உயர உடம்பின் பாரம் முன்பாதத்துக்கு நகரும் என்பது நாம் படிக்கிற மெக்கானிக்ஸ் பாடம்தான். ஏன் சார் இப்படி என்று கேட்டேன். வெளிநாட்டுக்காரன் கொடுத்த சாம்பிள் அம்மா, பேஷன் என்றார் சூப்பர்வைசர். சீனாவில் பெண் குழந்தைகளின் பாதத்தைத் துணியால் இறுகக் கட்டி, வளரவிடாமல் மடக்கி வைத்திருந்தார்கள். 1912இல் புதிய குடியரசு அரசு அதற்குத் தடை போட்டது. கட்டுகிற துணி போய் இப்போது தோல் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் குதிகால் ஷூவைத் தைக்கிற எங்கள் ஊர்ப் பெண்கள் காலில் கிடப்பது ரப்பர் செருப்பு!

எங்கோ போய்விட்டேன், மணியம்மையாரிடம் வருகிறேன்.

அவருக்கு முன்னாலேயே, பெரியார் வீட்டுக்குள் இந்தப் பரீட்சையை எழுதியவர் ஒருவர் இருந்தார். பெரியாரின் முதல் துணைவியார் நாகம்மையார். ஈரோட்டில் பெரிய வணிகக் குடும்பத்து மருமகள். பெரியார் காங்கிரசில் சேர்ந்ததும் வீட்டில் பட்டெல்லாம் போய்க் கதர் வந்தது. நாகம்மையாரும் கதர் கட்டினார். அதற்கும் முன்னால், இளம் வயதில் நடந்ததாகப் பழைய வரலாற்று நூலில் ஒரு சம்பவம் உண்டு. ஒருநாள் இரவு பெரியார் ஏதேதோ வாதம் பண்ணி மனைவியின் தாலியைக் கழற்ற வைத்து, தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுநாள் வெளியே போய்விட்டாராம். வீட்டுப் பெண்களெல்லாம் வெறுங்கழுத்தைப் பார்த்துவிட்டுக் கேட்க, நாகம்மையார் பதில் சொல்ல முடியாமல் திண்டாடிப் போனாராம். இதைக் கூட்டத்தில் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு முழுசாகச் சிரிப்பு வரவில்லை. கழற்றச் சொன்னவர் மண்டிக்குப் போய்விட்டார், பார்க்கிற கண்களுக்கெல்லாம் பதில் சொன்னது அந்த அம்மா ஒருத்தர்தானே? நகையைப் போடு என்று சொல்வதும் ஓர் ஆண், கழற்று என்று சொல்வதும் ஓர் ஆண் என்றால், இதில் பெண்ணின் விருப்பம் எங்கே வருகிறது? அந்த நாகம்மையார்தான் பிறகு கள்ளுக்கடை மறியலிலும், 1924இல் வைக்கம் போராட்டத்திலும் முன்னால் நின்றார். 1933 மே 11இல் மறைந்தார். தாலிச் சம்பவத்தில் பார்த்தவர் இவர்தானா என்று ஆச்சரியமாக இருக்கும்.

மணியம்மையார் விஷயம் வேறு. யாரும் கழற்றச் சொல்லி அவர் கழற்றவில்லை. அவராகவே அப்படி வந்து சேர்ந்தவர். கிடைக்கிற படங்களில் எல்லாம் சாதாரணப் புடவை, பின்னால் முடிந்த கொண்டை, காதும் கழுத்தும் வெறுமை. கூந்தலை வெட்டவில்லை, கைலிக்கும் சட்டைக்கும் மாறவில்லை என்பதையும் கவனியுங்கள். ஊருக்கெல்லாம் சொன்ன பெரியாருக்கு மிகப் பக்கத்தில் 30 ஆண்டு இருந்த பெண், எது தனக்கு வசதியோ அதை வைத்துக்கொண்டு, எது சுமையோ அதை விட்டிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்தது இந்த இடம்தான்.

வேலையும் அப்படிப்பட்ட வேலை. கூட்டத்துக்கு முன்னால் புத்தக மூட்டையைப் பிரித்துத் தரையில் பரப்பி உட்கார்ந்து விற்பார். சில்லறை எண்ணுவார். பிறகு பெரியாருக்குச் சாப்பாடு, மருந்து, குளியல் எல்லாம் பார்ப்பார். மறுபடி வண்டியில் ஏறி அடுத்த ஊர். பட்டுப் புடவையும் கழுத்து நிறைய நகையும் போட்டுக்கொண்டு இதைச் செய்ய முடியுமா?

1948 டிசம்பரில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கும்பகோணத்தில் தடையை மீறிக் கைதானார். தண்டனையைக் கழித்தது வேலூர்ச் சிறையில். பிறந்த ஊருக்கே கைதியாக வந்தார்! சிறை வாசலில் கழற்றி எழுதிக் கொடுக்க அவரிடம் என்ன நகை இருந்திருக்கும்?

அடுத்த ஆண்டு, 9.7.1949 அன்று, பெரியாருக்கும் அவருக்கும் திருமணம் பதிவாயிற்று. பெரியாருக்கு எழுபது நெருங்குகிறது, இவருக்கு 29. இயக்கத்தின் சொத்துகளுக்குச் சட்டப்படி ஒரு வாரிசு வேண்டும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு என்று பெரியார் விளக்கம் சொன்னார். ஒரு பெண்ணைத் தத்து எடுத்து வாரிசாக்க அன்றைய இந்துச் சட்டத்தில் வழியில்லை. 1956இல்தான் சட்டம் மாறியது. ஆனால் நாடு அதைக் கேட்கிற நிலையில் இல்லை. பொருந்தாத் திருமணத்தைக் கண்டித்த தலைவரே இப்படிச் செய்யலாமா என்று கட்சிக்குள் கொந்தளிப்பு. அண்ணாவும் நண்பர்களும் பிரிந்து, 1949 செப்டம்பர் 17இல் சென்னை ராயபுரத்தில் தி.மு.க.வைத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டு அரசியலே அன்று திரும்பியது.

அந்த அரசியல் சரியா தவறா என்பது பெரியவர்கள் பாடு. நான் பார்ப்பது அந்த 29 வயதுப் பெண்ணை. பெரியாரைத் திட்டியவர்கள் கொள்கையைச் சொல்லித் திட்டினார்கள். அவரைப் பேசியவர்கள் அவர் வயதைப் பேசினார்கள், தோற்றத்தைப் பேசினார்கள், சொத்துக்கு ஆசைப்பட்டவர் என்றார்கள். அலங்காரம் பண்ணினால் மினுக்குகிறாள் என்று சொல்லும் ஊர், அலங்காரமே இல்லாத பெண்ணையும் விடவில்லை பாருங்கள். அவர் பதிலுக்குப் பதில் பேசிக்கொண்டிருக்கவில்லை, வேலையைப் பார்த்தார்.

1957 நவம்பர் 26இல் சாதியைப் பாதுகாக்கும் பிரிவுகளைக் கண்டித்து இயக்கத்தார் அரசியல் சட்டத்தைக் கொளுத்தி ஆயிரக்கணக்கில் சிறைக்குப் போனார்கள். பட்டுக்கோட்டை இராமசாமி, மணல்மேடு வெள்ளைச்சாமி என்ற இருவர் 1958இல் திருச்சிச் சிறையில் இறந்தபோது பெரியாரும் சிறைக்குள் இருந்தார். உடல்களைக் கேட்டுப் போராடி வாங்கி, ஊர்வலத்தை முன்னின்று நடத்தியவர் மணியம்மையார். பெண்கள் சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்பதுதானே நம்ம ஊர் வழக்கம்?

திருச்சியில் ஆதரவற்ற குழந்தைகளை எடுத்து வளர்த்தார். அந்த இல்லத்துக்குத் தன் பெயரை வைக்கவில்லை, நாகம்மையார் பெயர் வைக்கப்பட்டது. அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு இனிஷியல் ஈ.வெ.ரா.ம. கடைசியில் வருகிற அந்த 'ம' மணியம்மைக்கு உரியது. தாய் பெயரின் முதல் எழுத்தை இனிஷியலில் சேர்ப்பதை இன்றைக்கும் புதுமையாகப் பேசுகிறோம்!

நகை விஷயத்தில் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நகை பெண்ணுக்கு விலங்கு என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அம்மாவின் சரடு இல்லாவிட்டால் நான் இந்த மலரில் எழுதிக்கொண்டிருக்க முடியாது, ஆம்பூரில் எங்காவது அப்பர் ஒட்டிக்கொண்டிருப்பேன். அம்மா பெயரில் நிலம் இல்லை, வீடு இல்லை, இருந்தது அந்த நாலு சவரன் மட்டும்தான். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டிலேயே பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் அது சட்டமானது 1989இல். அறுபது வருஷம்! நாடு முழுவதற்கும் 2005இல்தான் வந்தது. சொத்தைக் கொடுக்காமல் நகையை மட்டும் கழற்றச் சொன்னால் பெண் எதை வைத்துப் பிழைப்பாள்? பெரியார் இரண்டையும் சேர்த்தே கேட்டார் என்பதை, நகைப் பேச்சை மட்டும் கேலி பண்ணுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

1973 டிசம்பர் 19இல் சென்னை தியாகராய நகரில் பேசியதுதான் பெரியாரின் கடைசிக் கூட்டம். உடல்நிலை மோசமாகி, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குக் கொண்டு வந்தார்கள். டிசம்பர் 24 காலையில் அங்கே அவர் உயிர் பிரிந்தது. மணியம்மையார் பிறந்த ஊரிலேயே அவருக்கு இந்த இழப்பும் வந்தது.

புருஷன் செத்த வீட்டில் நம் பக்கம் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் தெருவில் நானே பார்த்திருக்கிறேன். கடைசியாக ஒரு தடவை பூவும் பொட்டும் வைத்து, கை நிறைய வளையல் போட்டு உட்கார வைப்பார்கள். பிறகு நாலு பொம்பளைகள் சேர்ந்து வளையலை உடைத்து, தாலியை அறுத்து, பொட்டை அழிப்பார்கள். நேற்று வரை போட்டே ஆக வேண்டும் என்றவர்கள்தான் இன்று போடவே கூடாது என்கிறார்கள்! அழகாக இரு என்று கட்டாயப்படுத்துவதும் அழகாக இருக்காதே என்று கட்டாயப்படுத்துவதும் ஒரே கைகள்தான். மணியம்மையாரிடம் அந்தக் கைகளுக்கு வேலையே இல்லை. அறுக்கத் தாலி இல்லை, உடைக்க வளையல் இல்லை. 24ஆம் தேதிக்கு முன்னால் எப்படி இருந்தாரோ, அப்படியே அதற்குப் பிறகும் இருந்தார்.

மூலையில் உட்காரவும் இல்லை. திராவிடர் கழகத்தின் தலைமையை ஏற்றார். ஒரு நாத்திக இயக்கத்துக்குத் தலைமை தாங்கிய உலகின் முதல் பெண் என்று அவரைச் சொல்வார்கள். சரியாக ஓராண்டு கழித்து, 25.12.1974 அன்று சென்னைப் பெரியார் திடலில் இராவண லீலா நடத்தினார். டெல்லியிலிருந்து எதிர்ப்பு வந்தது, வழக்கு வந்தது, அசைந்து கொடுக்கவில்லை. 1976இல் நெருக்கடி நிலைக் காலத்தில் முக்கியமானவர்கள் எல்லாம் மிசாவில் உள்ளே போனபோது, பலவீனமான உடம்போடு வெளியே இருந்து இயக்கத்தைக் காப்பாற்றினார். 16.3.1978இல், 58 வயதில், சென்னையில் மறைந்தார். சொத்துக்காக வந்தவர் என்று பேசினார்களே, தன் பெயரில் இருந்ததையும் அறக்கட்டளைக்கே வைத்துவிட்டுப் போனார்.

பெரியார், மணியம்மை பெயர்களில் இயங்கும் அறக்கட்டளையார் 1980இல் தஞ்சாவூர் பக்கம் வல்லத்தில் ஒரு மகளிர் பாலிடெக்னிக்கைத் தொடங்கினார்கள். 1988இல் அங்கேயே பெண்களுக்கென்று பொறியியல் கல்லூரி வந்தது, மணியம்மையார் பெயரையும் தாங்கி. லேத்தும் வெல்டிங்கும் பெண்களுக்கு எதற்கு என்று கேட்ட காலம் அது. அங்கே நாலு பேர் ஒரு பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருக்க மாட்டார்கள், ஒர்க்‌ஷாப் முழுக்கப் பெண்களாகவே நின்றிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

இந்தக் கட்டுரையை வீட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து புத்தகத்தில் இருந்த படத்தை எடுத்துப் பார்த்தார். யாருடி இது, டீச்சரம்மாவா என்றார். நம்ம வேலூர்க்காரர் என்று சொல்லிக் கதையைச் சொன்னேன். கழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வெறுமையா நிக்குதே இந்தம்மா, யாரும் ஒண்ணும் சொல்லலையா என்று கேட்டார். நாடே சொல்லிச்சும்மா என்றேன். அம்மா சிரித்தார். அதற்குள் தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. டிபன் பாக்சை எடுத்துக்கொண்டு ஓடினார். அன்றைக்கு ஊக்கு மேசை மேலேயே கிடந்தது. மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று நான் இன்னும் கேட்கவில்லை.